நண்டு வளை

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தார். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், வெண்ணாற்றுப் பாசனத்தில் கடைமடை. ஊருக்கு மேற்கே ஒரு ஷட்டரும் அதிலிருந்து பிரியும் இரண்டு வாய்க்கால்களும் அவர் பொறுப்பு. காலையிலும் சாயங்காலமும் ஷட்டர் சுவரில் அடி, அங்குலம் குறித்திருக்கும் இடத்தைப் பார்த்து ஒரு நீள நோட்டில் எழுதுவார். தேதி, மணி, மேல்பக்கம் எவ்வளவு, கீழ்பக்கம் எவ்வளவு, எத்தனை கன அடி போகிறது. மழையில் எழுத்து கலையக் கூடாதென்று எப்போதும் பென்சில்தான்.

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தால் மூன்று, நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்தில் மூன்றாகப் பிரிந்து, எங்கள் வாய்க்காலை எட்டும்போது தலைமடையில் நாற்று பச்சை பிடித்திருக்கும். அதனால் எங்கள் ஊரில் தண்ணீர்க் கணக்கு எல்லோருக்கும் தெரியும். நோட்டில் அளவு சரியாக இருக்கும், கடைசி வயலில் மட்டும் தண்ணீர் ஏறியிருக்காது. விடிவதற்குள் வாசலில் ஆள் நிற்பார். "என்னங்க லஸ்கரே, நோட்டுல இருக்கு, வயல்ல இல்லியே." அப்பா பதில் சொல்லிக்கொண்டு நிற்க மாட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு கரையோடு நடக்க ஆரம்பிப்பார். விடுமுறை நாட்களில் நானும் பின்னால் போவேன்.

பெரும்பாலும் நண்டு வளைதான். வாய்க்காலின் உள்பக்கத்தில் கண்ணுக்கே தெரியாது. வெளிச்சரிவில் ஓரிடத்தில் மட்டும் புல் அதிகமாகத் துளிர்த்திருக்கும், மண் காலுக்குச் சொதசொதவென்று இருக்கும். அந்த இடத்துக்கு நேர் எதிரே வாய்க்காலில் இறங்கிக் காலால் துழாவுவார். கால் விரல் ஒரு துளைக்குள் போகும். களிமண்ணையும் வைக்கோலையும் சேர்த்துத் திணித்து, மேலே நின்று மிதித்து அடைப்பார். ஒரு விரல் அளவுத் துளை இரவு முழுக்க ஒழுகினால் கடைசி மா நிலத்துக்குத் தண்ணீர் இல்லை. ஷட்டரில் எழுதிய கன அடியில் அது தெரியவே தெரியாது.

நான் இயற்பியல் படித்தவன். இருபத்தைந்து ஆண்டுகளாக உயிருள்ள செல்லுக்குள் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்க்கும் மென்பொருளை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு வந்தால், "பிசிக்ஸ் படிச்சவருக்குச் செல்லுக்குள்ள என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

கும்பகோணத்தில் காவிரிக் கரைக் கல்லூரியில் இளங்கலை படிக்கும்போதுதான் பிரௌனிய இயக்கம் பற்றிப் படித்தேன். 1827-இல் ராபர்ட் பிரௌன் மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் அசைவதைப் பார்த்தார். 1905-இல் ஐன்ஸ்டீனும் 1906-இல் போலந்து நாட்டின் ஸ்மோலுகோவ்ஸ்கியும் தண்ணீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் வந்து மோதுவதால்தான் அந்த அசைவு என்று கணக்கில் காட்டினார்கள். ஆசிரியர் இரண்டு வகுப்பில் முடித்துவிட்டார். எனக்கு முடியவில்லை. நூலகத்தில் தேடியபோது சந்திரசேகர் 1943-இல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று இருப்பது தெரிந்தது. குருட்டாம்போக்கில் அலையும் துகள் ஒரு சுவரில் மோதித் திரும்பினால் என்ன, ஒட்டிக்கொண்டால் என்ன என்றெல்லாம் அதில் படிப்படியாக வரும். நட்சத்திரங்களின் கணக்குக்காகப் பேர்போன மனிதர் இதையும் செய்திருக்கிறார். அவருடைய சித்தப்பா சர் சி.வி. ராமன் பிறந்தது திருவானைக்காவலில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே. அந்த வயதில் இதெல்லாம் பெரிய தைரியம்.

முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு போனேன். திரவங்களில் ஒளிச்சிதறல் பற்றிய ஆய்வு. அதில் சொல்ல அதிகம் இல்லை, நன்றாகவே முடிந்தது. திசை திரும்பியது அதற்கப்புறம், ஒரு மாலை உயிரியல் கருத்தரங்கில்.

பேசியவர் ஈ.கோலை பாக்டீரியாவைப் பற்றிச் சொன்னார். நீளம் ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைச் செரிக்க உதவும் மரபணுக்களைப் பூட்டி வைக்கும் புரதம் ஒரு செல்லில் பத்துப் பிரதிகள் அளவுக்குத்தான் இருக்கும் என்றார். பத்து! நான் அதுவரை கையாண்ட கரைசல்களில் ஒரு துளியில் கோடானுகோடி மூலக்கூறுகள். அன்று இரவு அறைக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்த பாக்டீரியாவின் கொள்ளளவு ஒரு ஃபெம்டோலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நானோமோலார் என்ற மிக நீர்த்த கரைசலின் செறிவு என்பது ஒரு செல்லுக்கு 0.6 மூலக்கூறு. அரைக்குச் சற்று மேல். அப்படி ஒரு பொருள் உலகத்தில் கிடையாது. ஒன்று இருக்கும், அல்லது இருக்காது.

வேதிவினைகளை எழுதும் வழக்கமான சமன்பாடுகள் செறிவை வைத்துத்தான் பேசுகின்றன. சராசரியாக இவ்வளவு, சராசரியாக இந்த வேகத்தில் குறைகிறது என்று சொல்லும். பாத்திரத்தில் நடக்கும் வினைக்கு அது அழகாகப் பொருந்தும். பத்தே பத்து மூலக்கூறுகள் இருக்கும் இடத்தில் அதில் ஒன்று எங்கே இருக்கிறது என்பதே செய்தி. ஷட்டரில் எத்தனை கன அடி என்பதற்கும் கடைசி வயலில் தண்ணீர் ஏறியதா என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைப் பத்து வயதிலேயே பார்த்தவன் நான். அதனால்தான் அந்தக் கணக்கு என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

இயற்பியலிலிருந்து உயிரியலுக்குப் போவதில் நான் முதல் ஆளும் இல்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, மறுபடி மாணவராக உயிரியல் வகுப்பில் போய் உட்கார்ந்தார். செல்லுக்குள் புரதங்களைக் கட்டும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவர் ஒருவர். அதற்கும் முன்னால், ராமனிடம் படித்த ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழை அமைப்பைச் சொன்னார். நம் ஆட்களுக்கு இந்தப் பாதை புதிதில்லை.

மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணி வினையை நடத்தும் முறை ஏற்கெனவே இருந்தது. டேனியல் கில்லெஸ்பி என்ற இயற்பியலாளர் 1976-இல் எழுதினார். அடுத்த வினை எப்போது, அது எந்த வினை என்ற இரண்டையும் நிகழ்தகவுப்படி குலுக்கிப் போட்டு எடுக்கும் முறை அது. எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு அவர் கணக்குப் போட்டது மேகத்தைப் பற்றி. மேகத்துக்குள் நீர்த்துளிகள் மோதி ஒன்றுசேர்ந்து பெரிதாவதைத் துளித்துளியாக எப்படிக் கணக்கிடுவது என்று யோசித்தவர்தான் அதை வேதியியலுக்குக் கொண்டுவந்தார். இன்று செல்லைப் பற்றிய எத்தனையோ ஆய்வுகள் அந்த மேகக் கணக்கின் மேல் நிற்கின்றன.

ஆனால் அந்த முறையில் செல் நன்றாகக் கலக்கிய கரைசலாக இருக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று அது கேட்பதில்லை. செல்லுக்குள் இடம் முக்கியம். பாக்டீரியாவுக்குள் ஒரு புரதம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அலைந்து திரிந்து போய்ச் சேர ஐந்தில் ஒரு பங்கு வினாடி போதும். தூரம் கூடினால் நேரம் தூரத்தின் வர்க்கமாகக் கூடும். நம் முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை போகும் நரம்பு செல்லின் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர். அதே புரதம் அதே அலைச்சலில் அந்த ஒரு மீட்டரைக் கடக்க 1,600 ஆண்டுகள் ஆகும். ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடித்த 1010-இல் புறப்பட்டிருந்தால் இன்னும் வழியில்தான் இருக்கும். அதனால்தான் நரம்பு செல்லுக்குள் கைனசின் என்ற புரதம் சரக்கைத் தூக்கிக்கொண்டு, 8 நானோமீட்டருக்கு ஓர் அடி என்று தண்டவாளத்தில் நடப்பதுபோல் நடந்தே போகிறது. வேகமான சரக்கு அதே மீட்டரை மூன்று நாளில் கடந்துவிடும். மேட்டூருக்கும் கல்லணைக்கும் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் நேரம்.

ஆகவே, ஒவ்வொரு மூலக்கூறும் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கும் நிரல் வேண்டும். நான் எழுத ஆரம்பித்தது அதைத்தான். அந்த நாட்களில் இதே திசையில் வேலை செய்தவர்கள் உண்டு. நரம்புச் சந்திப்புகளுக்காக எம்செல், ஸ்மோலுகோவ்ஸ்கியின் பெயரையே சுருக்கி வைத்துக்கொண்ட ஸ்மோல்டின், செறிவைக் கொண்டே பெரிய செல்களைக் கணக்கிடும் விர்ச்சுவல் செல் என்ற நிரல்கள் எல்லாம் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் மூன்று எண்கள், அது இருக்கும் இடம். நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அந்த மூன்று எண்களோடும் ஒரு குருட்டு எண்ணைக் கூட்டு. இரண்டு மூலக்கூறுகள் குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால் வினை நடந்தது என்று வைத்துக்கொள். அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பதில்தான் வேலை. ஸ்மோலுகோவ்ஸ்கியின் சூத்திரம் நேரம் இடைவிடாமல் ஓடுவதாக வைத்து எழுதியது. நாம் துண்டு துண்டாகத் தாண்டுகிறோம். தாண்டும் தூரம் பெரிதானால், நெருங்கி வந்து விலகிய ஜோடிகளைப் பார்க்காமலே விட்டுவிடுவோம். அதற்கேற்ப அந்தத் தூரத்தைத் திருத்த வேண்டும். அப்புறம் பிரியும் ஜோடி. பிரிந்த உடனே இரண்டையும் அருகருகே விட்டால் அடுத்த துண்டிலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு தள்ளி விடுவது? இந்த ஒரு கேள்விக்கு ஓர் ஆண்டு போனது. ஸ்மோலுகோவ்ஸ்கி 1917-இல் சீதபேதியில், 45 வயதில் இறந்துவிட்டார். அவர் கட்டுரையைத் திருப்பித் திருப்பிப் படித்த அந்த ஓர் ஆண்டில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதுபோலவே இருந்தது.

சரி, சவ்வுக்கு வருகிறேன், செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைக்கு. உண்மையில் இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

செல்லின் சவ்வை நிறைய முக்கோணங்களை ஒட்டிய கோளமாக வைத்திருந்தேன். மூலக்கூறு ஒரு முக்கோணத்தை வெட்டிக்கொண்டு வெளியே போகப் பார்த்தால் கண்ணாடியில் பட்ட ஒளிபோல உள்ளே திருப்பிவிட வேண்டும். உள்ளே 10,000 மூலக்கூறுகள். வினை எதுவும் கிடையாது, சும்மா அலைய வேண்டியதுதான். இரவு ஓடவிட்டுக் காலையில் வந்து எண்ணினேன். உள்ளே 9,993.

பிழைச் செய்தி எதுவும் இல்லை, நிரல் ஒழுங்காக ஓடி முடிந்திருந்தது. "ஏழுதானே, விடு" என்றார் பக்கத்து மேஜை நண்பர். சதவீதமாகப் பார்த்தால் 0.07. படத்தில் கோடு போட்டால் தெரியவே தெரியாது. எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்தே பத்துப் பிரதி இருக்கும் புரதத்துக்காகத்தானே இந்த நிரல்? அங்கே ஏழு போனால் என்ன மிச்சம்?

சமன்பாடுகளை மூன்று நாள் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. நான்காம் நாள்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். வெளியே போன ஒவ்வொன்றும் எந்த இடத்தில் வெளியே போனது என்று எழுதும்படி நிரலை மாற்றி, மறுபடி ஓடவிட்டேன். இந்தத் தடவை ஒன்பது. ஒன்பதும் இரண்டு முக்கோணங்கள் சேரும் விளிம்பில்.

அங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன். கணினி ஓர் எண்ணை ஏறக்குறைய 16 இலக்கம் வரைதான் வைத்திருக்கும், அதற்குப் பின்னால் இருப்பது உதிர்ந்துவிடும். மூலக்கூறு சரியாக விளிம்பில் வந்து படும்போது, "என் எல்லைக்குள் படவில்லை" என்று இந்த முக்கோணமும் சொல்லும், அந்த முக்கோணமும் சொல்லும். பதினாறாவது இலக்கத்தில் ஒரு நூல் இடைவெளி. கோடிக்கணக்கான தாண்டல்களில் ஒன்று அந்த இடைவெளியில் நுழைந்துவிடுகிறது. இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு மூலக்கூறும் சவ்வின் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதையும் கூடவே குறித்துவைத்து, தப்பான பக்கம் போயிருந்தால் இம்மியளவு தள்ளி உள்ளே வைக்கும்படி எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் செய்தபோது அப்பாவிடம் சொன்னேன். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். செல், சவ்வு என்றெல்லாம் சொல்லாமல், "நான் கட்டுன கரையில ஒழுகுச்சுப்பா, ரெண்டு துண்டு சேர்ற இடத்துல" என்றேன்.

"கணக்குல தெரிஞ்சுதா, நடந்து பாத்தியா?"

"கணக்குல கொறஞ்சுது. நடந்து பாத்துதான் எடம் தெரிஞ்சுது."

"அடச்சாச்சா?"

"அடச்சாச்சுப்பா."

"நல்லா மிதிச்சு விட்டுட்டு நாளக்கிம் போயிப் பாரு, தம்பி. ஒண்ண அடச்சா பக்கத்துல இன்னொண்ணு தோண்டும்."

தோண்டியது. கோளத்தில் நின்ற கணக்கு, கூர்மையான மூலை உள்ள செல்லில் நிற்கவில்லை. ஒரு சுவரில் பட்டுத் திரும்பும் மூலக்கூறு அதே தாண்டலில் அடுத்த சுவரையும் வெட்டிக்கொண்டு போனது. நான் ஒருமுறைதான் சோதித்திருந்தேன். வெட்டு இல்லை என்று ஆகும்வரை திரும்பத் திரும்பச் சோதிக்கும்படி மாற்றினேன். அன்றிலிருந்து எந்தப் புதிய பதிப்பு வெளியிட்டாலும் முதலில் அந்தப் பத்தாயிரம் மூலக்கூறுகளைப் பல வடிவச் செல்களில் இரவு முழுக்க ஓடவிட்டு எண்ணிய பிறகுதான் வெளியே விடுகிறேன்.

எண்ணிக்கை சரியாக வந்த பிறகுதான் நிரலிடம் கேள்வி கேட்கத் துணிந்தேன். முதல் கேள்வி பெர்க், பர்செல் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1977-இல் தாளில் போட்ட கணக்கு. செல்லின் மேற்பரப்பில் ஆங்காங்கே ஒட்டும் புள்ளிகள் இருக்கின்றன. மொத்தப் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தை அவை அடைத்திருந்தால்கூட, பரப்பு முழுவதும் ஒட்டும்படி இருந்தால் எவ்வளவு பிடிக்குமோ அதில் பாதியைப் பிடித்துவிடும் என்றார்கள். சட்டென்று நம்ப முடியாது. காரணம் தெரிந்தால் எளிது. செல்லில் ஒருமுறை மோதிய மூலக்கூறு உடனே தூரப் போய்விடாது. அங்கேயே சுற்றிச் சுற்றிப் பலமுறை மோதும், ஏதோ ஒரு மோதலில் ஒரு புள்ளியில் மாட்டிக்கொள்ளும். ஒட்டும் புள்ளிகளை வைத்து என் நிரலை ஓட்டினேன். அவர்கள் சொன்ன எண் வந்தது. அன்றைக்கு ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

அடுத்தது மின் (Min) என்று பெயர் வைத்திருக்கும் புரதங்கள், மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஈ.கோலை இரண்டாகப் பிரியும்போது சரியாக நடுவில் பிரிய வேண்டும். அளவுகோல் எதுவும் இல்லாத செல்லுக்கு நடு எது என்று எப்படித் தெரியும்? மின்-டி என்ற புரதம் ஒரு கோடியில் சவ்வின்மேல் திரளாக ஒட்டும். மின்-ஈ வந்து அதைப் பெயர்த்துவிடும். பெயர்ந்தவை அலைந்து போய் எதிர்க்கோடியில் திரளும். அங்கேயும் மின்-ஈ போகும். இப்படி ஒரு நிமிடம் போல எடுத்துக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய்ப் போய் வருகின்றன. 1999-இல் ஒளிரும் புரதத்தை வைத்து இதை நேரில் பார்த்தார்கள். இரண்டு கோடியிலும் மாறி மாறித் தங்குவதால், நடுவில்தான் எப்போதும் கூட்டம் குறைவு. பிரிவதைத் தடுக்கும் புரதம் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து போவதால், செல் நடுவில் பிரிகிறது. என் நிரலில் யாரும் "இப்போது அந்தப் பக்கம் போ" என்று சொல்லவில்லை. ஒட்டு, பெயர், அலை என்ற விதிகள் மட்டும்தான். திரையில் அந்தத் திரள் முதல்முறை தானாக இடம் மாறியபோது கைகால் ஓடவில்லை. விடுமுறையில் வந்தபோது மடிக்கணினியில் அப்பாவுக்கும் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "முறை வச்சு விடுறாப்ல இருக்கு" என்றார். பிறகு, "மொத்தம் எத்தனை உருப்படி? கொறையாம இருக்குல்ல?" என்று கேட்டார்.

இந்த வேலைக்கு ஆய்வு உலகில் கிடைக்கும் மரியாதை பற்றியும் சொல்ல வேண்டும், மனத்தில் இருக்கிறது. ஒரு நிதி விண்ணப்பத்தை மதிப்பிட்டவர், "இதில் புதிய அறிவியல் இல்லை, இது வெறும் கருவி" என்று எழுதித் திருப்பினார். புதிதாக ஒன்று செய்கிறேன் என்றால் பணம் கிடைக்கிறது. இருப்பதை ஒழுகாமல் வைத்திருக்கிறேன் என்றால் கிடைப்பதில்லை. ஆனால் லீவன்ஹூக் தன் கையால் லென்ஸ் தேய்த்துத்தான் 1670-களில் நுண்ணுயிர்களைப் பார்த்தார். லென்ஸ் தேய்த்தது வேறு, பார்த்தது வேறு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நிரலில் ஒரு பிழை இருந்தால், அதை நம்பி எழுதிய அத்தனை ஆய்வுக் கட்டுரையிலும் அது இருக்கும். அந்தப் பொறுப்பைச் சுமப்பவர்களுக்கு நிரந்தர வேலை கொடுக்கத் தயங்குவது பெரிய தவறு. திறமையான பலர் இதனாலேயே வேறு துறைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

முழுச் செல்லையும் கணினியில் கொண்டுவந்துவிட முடியுமா என்று கேட்பார்கள். 2012-இல் 525 மரபணுக்கள் கொண்ட மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற பாக்டீரியாவுக்கு, எல்லா மரபணுக்களின் வேலையையும் சேர்த்து ஒரு மாதிரி வந்தது. 2022-இல், ஆய்வகத்தில் உருவாக்கிய, ஐந்நூறுக்கும் குறைவான மரபணுக்கள் கொண்ட செல் ஒன்றை முப்பரிமாணத்திலேயே நடத்திக் காட்டினார்கள். இரண்டும் பெரிய சாதனை. மனித செல்லுக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதுவரை ஒரு சந்து, ஒரு மூலை, ஒரு சவ்வு என்று சரியாகச் செய்துகொண்டு போகலாம்.

இப்போது ஆண்டில் பாதி நாள் ஊரில்தான் இருக்கிறேன். அப்பா போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் கையெழுத்தில் பழைய நோட்டு ஒன்று என் மேஜையில் இருக்கிறது, பென்சில் எழுத்து இன்னும் படிக்கும்படி இருக்கிறது. நிரலைப் பயன்படுத்துபவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. போன வாரம் வந்தது திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எழுதியது. நரம்பு செல்லின் கிளை பிரியும் வடிவத்தை முக்கோணங்களால் கட்டி, பத்தாயிரம் மூலக்கூறுகளை உள்ளே விட்டிருக்கிறார். "ஐயா, ஒரு மணி நேரத்தில் 9,998 ஆகிவிட்டது. இரண்டுதான் குறைகிறது, விட்டுவிடலாமா?" என்று கேட்டிருந்தார்.

விட வேண்டாம் அம்மா, இரண்டும் எந்த இடத்தில் வெளியே போயின என்று எழுதச் சொல்லி மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள் என்று பதில் எழுதினேன். நேற்று இரவு படம் அனுப்பியிருக்கிறார். இரண்டும் கிளை பிரியும் கவட்டில்தான், நான் இதுவரை சோதித்தே பார்க்காத இடம். காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.